புதன்கிழமைக் கணக்கு

நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து வேறு, நோயே இல்லாத குழந்தைக்குப் போடும் ஊசி வேறு. காய்ச்சல்காரர் தானாக ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறார். தடுப்பூசியிலோ அரசு வீடு தேடிப் போகிறது. சிரித்து விளையாடும் பிள்ளையை மடியில் வைக்கச் சொல்கிறது, அழவைத்து அனுப்புகிறது. கேளாதவர் வீட்டுக்குப் போய்ச் செய்யும் காரியம் என்பதால் அரசின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. மருந்து எங்கே தயாரானது, எந்தக் குளிரில் வந்தது, யார் போட்டார், போட்டபின் பிள்ளைக்கு என்ன ஆனது? இந்த நான்குக்கும் எந்த நேரத்திலும் பதில் வைத்திருக்கும் ஏற்பாட்டுக்குத்தான் மேற்பார்வை என்று பெயர்.

தமிழ்நாட்டில் அந்த ஏற்பாட்டுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. கிண்டியில் கிங் நிலையம் 1899-இல் தோன்றியது. பெரியம்மைக்கு எதிரான அம்மைப்பால் தயாரிப்பு அதன் தொடக்க காலப் பணி. 1920களிலேயே சென்னை மாகாணம் பொது சுகாதாரத்தை மருத்துவத் துறையிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கியது. 1939-இல் பொது சுகாதாரத்துக்கென்று ஒரு சட்டமே வந்தது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கண்ட முதல் மாகாணம் சென்னைதான். கட்டில் கணக்கும் ஆபரேஷன் கணக்கும் பார்க்கும் அதிகாரி ஒருவர், கொசுவையும் குடிநீரையும் தடுப்பூசியையும் பார்க்கும் அதிகாரி வேறொருவர் என்ற பிரிவினை இன்றுவரை நிற்கிறது. வேறு பல மாநிலங்களில் இரண்டும் ஒரே மேசையில் கிடக்கின்றன. அங்கே அவசர சிகிச்சை வந்து நின்றால் தடுப்பூசிக் கோப்பு அடியில் போய்விடும்.

ஐம்பது வயதைக் கடந்தவர் கூடும் எந்த அரங்கிலும் இடது தோளில் தழும்பு இல்லாதவர் சிலரே இருப்பர். அது பி.சி.ஜி. தழும்பு. 1948-இல் மதனப்பள்ளியில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, அதே ஆண்டு கிண்டியில் தனி ஆய்வுக்கூடமும் கண்ட காசநோய்த் தடுப்பூசி. அதை எதிர்த்து எழுந்த குரல் சாதாரணக் குரல் அல்ல. கவர்னர் ஜெனரலாக இருந்தவர், சென்னையின் முதலமைச்சராக இருந்தவர், ராஜாஜி. 1955-இல் அவர் அந்த ஊசியை எதிர்த்து ஒரு சிறு நூலே எழுதி வெளியிட்டார். பயன் நிரூபணம் ஆகாத மருந்தைக் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு எப்படிப் போடலாம் என்பது அவர் கேள்வி. பதற்றம் கிளப்புகிறார் என்று பலர் சாடினார்கள். ஆனால் கேள்வி செத்துவிடவில்லை. பதிமூன்று ஆண்டு கழித்து, 1968-இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஒரு மாபெரும் சோதனையைத் தொடங்கியது. ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் கணக்கெடுப்பில் வந்தார்கள். ஒரு பகுதியினருக்கு உண்மை ஊசி, மற்றவர்களுக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

முடிவு 1979-இல் வந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்க அந்த ஊசி உதவவில்லை. முப்பது ஆண்டாக அரசே பரப்பிய ஒன்றைப் பற்றி அரசின் நிறுவனமே சொன்ன முடிவு அது. மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. பி.சி.ஜி. ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை. கைக்குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும் உடலெங்கும் பரவும் கொடிய காசநோயையும் அது தடுக்கிறது என்பதற்குச் சான்று இருந்தது. அதனால் பிறந்தவுடன் போடும் ஊசியாக அது நிலைத்தது. எதிர்ப்பவர் கேட்ட கேள்வியை எடுத்து, அதைச் சோதனையாக மாற்றி, வந்த பதிலைத் தனக்கு எதிராக இருந்தும் அச்சிட்டது என்ற அளவில், மேற்பார்வைக்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த நாட்டில் குறைவு.

இனி மருந்துக் குப்பி. 1985-இல் இந்திய அரசு அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. இன்று ஆண்டுக்கு இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதன் கணக்கில் வருகிறார்கள். தடுப்பூசியின் ஒவ்வொரு தொகுதியும் இமாசலப் பிரதேசத்துக் கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்தின் சான்று பெற்றே வெளியேற வேண்டும். அங்கிருந்து மாநிலக் கிடங்கு, மண்டலக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையத்து ஐஸ் பெட்டி என்று போகும் வழியெங்கும் பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு 2 முதல் 8 டிகிரி வரை குளிர் இருக்க வேண்டும். சூடு ஏறினால் போலியோ சொட்டு மருந்து வீணாகும். உறைந்துபோனால் ஐந்து நோய்த் தடுப்பூசி வீணாகும். குப்பியின் மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வெளுப்பாக இருக்கும்வரை மருந்து நல்ல மருந்து. சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டால் குப்பி குப்பைக்குத்தான். 2015 முதல் குப்பிகளின் இருப்பும் குளிர்பெட்டியின் வெப்பநிலையும் கைபேசி வழியே மேலிடத்துக்குப் போகின்றன.

ஆனால் கடைசி சில கிலோமீட்டர் கைபேசியில் போவதில்லை, நர்சம்மாவின் தோளில் போகிறது. அரசு ஏட்டில் அவர் பெயர் கிராம சுகாதார செவிலியர். ஊருக்கு நர்சம்மா. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது விதி. தமிழ்நாட்டில் அத்தகைய நிலையங்கள் எட்டாயிரத்துக்கும் மேல். புதன்கிழமை தடுப்பூசி நாள். நீலநிறப் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே குப்பிகளை அடுக்கி, டவுன் பஸ் பிடித்து, இறங்கி நடந்து, அங்கன்வாடித் திண்ணையில் உட்கார்ந்து அவர் ஊசி போடுகிறார். எந்த வீட்டுப் பிள்ளைக்கு மூன்றாம் தவணை நின்றுபோனது, எந்தப் பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள், எந்தச் செங்கல் சூளைக்குப் புதுக் குடும்பம் வந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 2008 முதல் அந்த மனப்பாடம் கணினிப் பதிவாகவும் மாறிவிட்டது. கர்ப்பம் பதிவான நாளிலேயே எண் கொடுத்து, தாயையும் பிள்ளையையும் தொடர்ந்து பார்க்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு. பிறகு அந்த எண் பிறப்புச் சான்றிதழோடும் இணைந்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் தொகையும் தடுப்பூசித் தவணையோடு பிணைக்கப்பட்டது. திட்டத்துக்கான பாராட்டு விருதை வாங்கப் போனவர்கள் வரிசையில் நர்சம்மா எந்த இடத்தில் நின்றார் என்று கேட்டால், வரிசைக்கே கூப்பிடவில்லை என்பதுதான் பதில். கேட்டவர்கள் கைதட்டலாம், அவர் வேறு ஊரில் ஊசி போட்டுக்கொண்டிருப்பார்.

2008 ஏப்ரலில், பி.சி.ஜி. சோதனை நடந்து பின்னர் தனி மாவட்டமான அதே திருவள்ளூரில், தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு கைக்குழந்தைகள் ஒரே நாளில் இறந்தன. நாடே பதறியது. அந்தத் தடுப்பூசி தூளாக வரும். அதற்கென்று வரும் நீரில் கரைத்தபின் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். கரைப்பதிலோ நேரத்திலோ பிசகினால் நல்ல மருந்தும் விஷமாகும் என்பது உலகெங்கும் அறிந்த ஆபத்து. அதனால்தான் ஊசிக்குப் பின் அரைமணி நேரம் காத்திருக்கச் சொல்வதும், அசம்பாவிதம் நேர்ந்தால் உடனே மாவட்டத்துக்குத் தகவல் அனுப்புவதும், மாவட்டக் குழு, மாநிலக் குழு, தேசியக் குழு என்று காரணம் தேடுவதும் விதியாயின. தமிழ்நாட்டில் இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. இனி ஊசி டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான், துணை நிலையத்திலும் திண்ணையிலும் கூடாது.

பாதுகாப்பு என்ற பெயரில் ஊசி வீட்டை விட்டு விலகிப் போனது. கூலிக்குப் போகும் தாய்க்கு எட்டு கிலோமீட்டர் என்றால் அரைநாள் சம்பளம். 2005-06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் முழுத் தடுப்பூசி விகிதம் 80.9 சதவீதம். 2015-16 கணக்கெடுப்பில் 69.7. நாடு முழுவதும் இதே காலத்தில் 43.5-லிருந்து 62-க்கு ஏறியது. முன்னால் ஓடிய மாநிலம் பின்னால் நடந்தது. இந்த ஒரு முடிவே முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அட்டை தொலைந்ததும் தனியார் ஆஸ்பத்திரிப் பதிவு விடுபட்டதும் சேர்ந்திருக்கலாம். ஆனால் ஊசி மீண்டும் ஊருக்குள் வந்தபின் எடுத்த 2019-21 கணக்கெடுப்பில் விகிதம் 89.2. மேலே இருப்பவர்கள் பயந்து ஊசியை நகர்த்தினார்கள். விட்டுப்போன பிள்ளைகளை வீடு வீடாகப் போய்த் தேடிப்பிடிக்கும் வேலை மட்டும் மறுபடியும் நர்சம்மா தலையில் விழுந்தது.

அதே 2008-இல், ஜனவரியில், இன்னொரு காரியமும் நடந்தது. கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம், 1907 முதல் நடக்கும் குன்னூர் பாஸ்டியர் நிலையம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பூசிக் கூடங்களின் உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. நல்ல உற்பத்தி முறைக்கான விதிகளை அவை நிறைவேற்றவில்லை என்பது காரணம். குறை உண்மைதான், கட்டடம் பழசு, இயந்திரம் பழசு. ஆனால் அந்தக் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் பல ஆண்டாகப் பணம் ஒதுக்காதவர் யார்? உரிமத்தை நிறுத்திய அதே அரசு. கூரை ஒழுகுகிறது என்று மழைக்காலத்தில் வீட்டையே பூட்டிய கதை. தேசியத் திட்டத்துக்கு வேண்டிய மருந்தில் பெரும்பங்கு தந்த கூடங்கள் நின்றதும் பல மாநிலங்களில் தட்டுப்பாடு வந்தது. மருந்து தனியாரிடம் வாங்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, விசாரணைக் குழு உட்கார்ந்தது, 2010 பிப்ரவரியில் நிறுத்தம் விலக்கப்பட்டது. யாருக்கு லாபம் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை.  இந்தப் பழைய கூடங்களுக்கு மாற்றாகச் செங்கல்பட்டில் பல நூறு கோடி செலவில் எழுந்த தடுப்பூசி வளாகம், கொரோனா உச்சத்தில் நாடே ஊசிக்கு ஏங்கிய 2021-லும் ஒரு குப்பிகூட நிரப்பாமல் நின்றது. தமிழ்நாட்டு அரசு குத்தகைக்குக் கேட்டும் கைக்கு வரவில்லை.

கூடங்களைப் பூட்டியவர்கள் ஒருபக்கம், புரளி கிளப்பிவிட்டவர்கள் மறுபக்கம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை என்று அறிவித்ததும் வாட்ஸ்அப் வழியே புரளி கிளம்பியது. ஆண்மை போகும் என்றது ஒன்று, வெளிநாட்டுச் சதி என்றது இன்னொன்று. பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் பிள்ளையைத் திருப்பி அழைத்துப் போனார்கள், முகாமின் நாள் நீட்டிக்கப்பட்டது. ஊசியே வேண்டாம், வேப்பிலை போதும் என்று மேடை போட்டுப் பேசும் பெருமக்கள் சட்டையைக் கொஞ்சம் விலக்கினால், இடது தோளில் தழும்பு பெரும்பாலும் தெரியும். ராஜாஜி கேள்வி கேட்டார், சான்று கேட்டார். இவர்கள் கேட்பது பார்வர்டு எண்ணிக்கை. அந்த வாரங்களிலும் பள்ளிக்கூட மரத்தடியில் நின்று ஒவ்வொரு தாயிடமும் பதில் சொன்னவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

குறை தீர்ந்துவிடவில்லை. காலிப் பணியிடம் இருந்தால் ஒரு செவிலியருக்கு இரண்டு துணை நிலையம் ‘கூடுதல் பொறுப்பு’ ஆகிறது. கூடுதல் பொறுப்பில் புதன்கிழமை மட்டும் கூடுவதில்லை. ஊசிப் பதிவேடு ஒன்று, கணினிப் பதிவு ஒன்று, மாதாந்திரப் படிவம் ஒன்று என்று ஒரே பிள்ளையை மூன்று இடத்தில் எழுத வேண்டியிருப்பதால், மேற்பார்வையே சில நேரம் பிள்ளையைப் பார்க்கும் நேரத்தைத் தின்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி அரசுக் கணக்கில் ஏற வேண்டும். அதற்கான ஏற்பாடு இருந்தும் நகரங்களில் அது முழுமையாக நடப்பதில்லை. ஊசிக்குப்பின் நேர்ந்த கடும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவின் முடிவுகள் மத்திய சுகாதார அமைச்சகத்தின் தளத்தில் வெளியாகின்றன, ஆங்கிலத்தில், குறியீட்டு எண்களோடு. பிள்ளையை இழந்த வீட்டுக்கு அந்த முடிவைத் தமிழில் எழுதி, மாவட்ட அதிகாரி நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் விதி இன்னும் எழுதப்பட வேண்டும். இப்போது அந்த வீட்டு வாசலில் நின்று பதில் சொல்வதும் நர்சம்மாதான், கையில் எந்தத் தாளும் இல்லாமல்.