எப்படிப்பட்ட ஒலி?
கேமரன் மலையின் பழைய வண்டிகளும் ஒலியைச் சொல்லும் தமிழும்



மொழியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் பழைய வண்டியின் ஓசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் எண்ணலாம். என் தந்தையார் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வண்டியோட்டியாக இருந்தவர். சொல்லைத் தேர்ந்து பேசும் பழக்கத்தை நான் முதலில் கற்றுக்கொண்டது அவருடைய லேண்ட் ரோவரின் அருகில்தான்.

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் அளந்து சென்ற அம்மலைநாட்டில் 1929இல் போ தோட்டம் தொடங்கியது. காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலை நட்டவர்களுள் நம் முன்னோர் பலர். கொழுந்தையும் உரத்தையும் ஆட்களையும் ஏற்றிச் செம்மண் தடங்களில் ஏறியிறங்க உறுதியான வண்டி தேவைப்பட்டது. 1948இல் இங்கிலாந்தில் பிறந்த லேண்ட் ரோவர் அதற்குப் பொருந்தியது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். உடல் அலுமினியக் கலவையால் ஆனதால் மழையிலும் பனியிலும் எளிதில் துருப்பிடிக்காது. அதனால்தான் அரை நூற்றாண்டைக் கடந்த வண்டிகளும் இன்னும் அம்மலையில் உழைக்கின்றன. முதுமை வந்தால் மூட்டு வலி வரும். வண்டிக்கு வரும் மூட்டு வலிதான் ஒலி.

ஒருமுறை தந்தையார் காய்ச்சலில் படுத்திருந்தபோது வேறொருவர் அவ்வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு சென்று, “கீழே சத்தம் வருகிறது” என்று மட்டும் சொன்னார். கியர் பெட்டியைக் கழற்றினார்கள், பூட்டினார்கள், பணமும் நாள்களும் கரைந்தன. ஒலி போகவில்லை. எழுந்து வந்த தந்தையார் என்னைப் பக்கத்தில் அமர்த்தி வண்டியைச் சில அடி முன்னே நகர்த்தினார், பின்னே நகர்த்தினார். “எப்படிப்பட்ட சத்தம், தம்பி?” என்று கேட்டார். “டக்குனு ஒரே ஒரு தடவைப்பா” என்றேன். “ஓடும்போது?” “இல்லப்பா.” அவ்வளவுதான். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அடியில் புகுந்தார். விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் தண்டைக் கையால் முறுக்கிப் பார்த்தார். அதன் மூட்டு ஆடியது.

காரணம் எளியது. மேடுபள்ளத்தில் சக்கரம் எழுந்து தாழும்போது தண்டின் சாய்வும் மாறவேண்டும். அதற்காகச் சிலுவை வடிவத் துண்டு ஒன்று மூட்டாக அமைந்துள்ளது. மசகு வற்றி அது தேய்ந்தால் இடைவெளி உண்டாகும். விசையின் திசை மாறும் கணத்தில் அந்த இடைவெளி மூடிக்கொள்வதே ‘டக்’ என்னும் ஒற்றை அடி. அப்பட்டறைமீது எனக்கு இன்றும் வருத்தமில்லை. ‘சத்தம்’ என்ற ஒரே சொல்லைக் கேட்டவர் எதைத்தான் கண்டுபிடிப்பார்?

தந்தையார் ஒவ்வோர் ஒலிக்கும் சில வினாக்களை வைத்திருந்தார். வண்டி நிற்கும்போதே எஞ்சினை முடுக்கினால் ஒலி கேட்கிறதா? ஆம் எனில், பெரும்பாலும் எஞ்சினிலோ அதைச் சார்ந்த உறுப்பிலோ தேடு. நிற்கும்போது மறைந்து, வண்டி வேகமெடுக்க எடுக்க வளர்கிறதா? தண்டு, அச்சு, சக்கரம் ஆகியவற்றைப் பார். வளைவில் திரும்பும்போது கூடிக் குறைகிறதா? பாரம் ஒருபக்கம் சாய்வதால் அப்பக்கச் சக்கரத்தின் பேரிங் முறையிடுகிறது. ஏற்றத்திலா, இறக்கத்திலா? குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்பா? பழைய லேண்ட் ரோவரின் கியர் பெட்டி நலமாக இருக்கும்போதே சற்று இரையும். ஆகவே, நலமான ஒலியை முதலில் பழகிக்கொள் என்பார்.

1816இல் பாரிஸ் மருத்துவர் லெனெக் தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்டார். இதயத்துடிப்புமானி அதிலிருந்து பிறந்தது. தந்தையார் நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின்மீது ஊன்றி, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்டார். இருவர் செய்ததும் ஒன்றே.

இனி மொழிக்கு வருகிறேன். நம் தமிழ்ப்பள்ளிகளில் இரட்டைக்கிளவி கற்பிக்கிறோம். ‘கலகல’ என்றால் சிரிப்பு, ‘சலசல’ என்றால் நீர் என மாணவர் மனனம் செய்கின்றனர். மலையில் அச்சொற்களுக்கு வேறு வேலையும் இருந்தது. ‘கடகட’ என்றால் ஏதோ ஓர் இரும்புத்தகடு தளர்ந்திருக்கிறது. ஈரமான காலையில் ‘கிறீச்’ என்றால் விசிறிப் பட்டை வழுக்குகிறது. ‘டிக்டிக்’ என்று மெல்லத் தட்டினால் வால்வு இடைவெளியைச் சரிபார்க்கலாம். பாரம் ஏறும்போது ‘டொக்டொக்’ என்று ஆழத்திலிருந்து இடித்தால் எஞ்சினை அப்போதே நிறுத்த வேண்டும். ‘உறுமல்’ வேறு, ‘முனகல்’ வேறு, ‘இரைச்சல்’ வேறு.

இவற்றுள் ஒரு சொல் உயிரோடு தொடர்புடையது. அது ‘கரகர’. தானா ராத்தாவின் உயரம் 1,400 மீட்டருக்கு மேல். அங்கிருந்து ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கும் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைவுகள் எண்ணில. பிரேக்கை மிதிக்கும்போது ‘கரகர’ என்று கேட்டால், உராயும் பட்டை தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது என்று பொருள் கொள்ள வேண்டும். அவ்வொலியைக் கேட்ட நாளில் தந்தையார் யார் வற்புறுத்தியும் மலையிறங்க மாட்டார். பின்னால் ஆட்கள் அமர்ந்திருக்கிறார்கள் என்பார். வேறு விளக்கம் தரமாட்டார். ‘ஏதோ சத்தம்’ என்று சொல்பவர்க்கு அந்த உறுதி வாய்க்காது. பெயர் இல்லாத ஒலியைக் காது நாளடைவில் கேளாமலே விட்டுவிடும்.

ஆசிரியப் பெருமக்களே, தோட்டங்களிலும் பட்டறைகளிலும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் மாணவர்களை ஒரு குறிப்பேட்டுடன் அவர்களிடம் அனுப்புங்கள். ஒலியின் பெயர், அது எழும் நேரம், அதன் காரணம் ஆகிய மூன்றையும் எழுதிவரச் செய்யுங்கள். இரட்டைக்கிளவிப் பாடம் அன்று உயிர்பெறும். மாணவச் செல்வங்களே, வீட்டில் யாரேனும் “வண்டியில் சத்தம் வருகிறது” என்றால், நீங்கள் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. எப்படிப்பட்ட சத்தம்?