கல்லறைக்கும் ஒரு நீதி உண்டு
(அச்சுவேலியில் ஆற்றிய உரை)



போரிலே மடிந்த ஓர் இளைஞனைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். அவன் பெயரை நாம் கூறப்போவதில்லை. கூறினால் அது ஒரு வீட்டுத் துயரமாகச் சுருங்கிவிடும். வலிகாமத்தின் ஒவ்வோர் ஊரிலும் அவன் இருந்தான். இந்தச் செம்மண்ணிலே கிணற்று நீர் இறைத்து, வெங்காயமும் புகையிலையும் பயிரிட்ட குடும்பத்திலே பிறந்தவன் அவன். படித்து உத்தியோகம் பார்ப்பான் என்றே பெற்றோர் எண்ணினர்.

நடந்தது என்ன? 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. எழுபதுகளிலே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 யூலையிலே தமிழர் தெருக்களில் வெட்டுண்டும் எரியுண்டும் மாண்டனர். அறவழியில் நின்ற தந்தையர்க்குக் கிடைத்த விடையைக் கண்டே மகன் வீட்டைவிட்டுப் போனான்.

எல்லோரும் விரும்பியே போயினர் என்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். பள்ளிப் பருவத்தினரும் சேர்க்கப்பட்டனர். இறுதிக் காலத்தில் வன்னியிலே தாயின் கையிலிருந்து பிள்ளை பறிக்கப்பட்டதும் உண்டு. வீரம் பேசுவோர் இதையும் பேசுதல் வேண்டும். எதிர்த்து நின்று மாண்ட சிங்களச் சிப்பாயும் பெரும்பாலும் ஏழைக் கிராமத்துப் பிள்ளையே. அவன் தாயின் கண்ணீருக்கும் நாம் தலைவணங்குகின்றோம்.

1995 ஒக்டோபர் 17 இல் இராணுவத்தின் ‘சூரியக்கதிர்’ நடவடிக்கை தொடங்கியது. அச்சுவேலி வீழ்ந்தது. ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே பெயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். உயிரோடிருந்தோர் தப்பினர், மாண்டோர் கோப்பாய்த் துயிலும் இல்லத்திலே கிடந்தனர். அந்தக் கல்லறைகள் இடித்தழிக்கப்பட்டன. 2002 போர்நிறுத்தத்தின் பின்னர் மக்கள் அவற்றை மீண்டும் எழுப்பினர். 2009 இல் போர் முடிந்தபின் மீண்டும் இடிக்கப்பட்டன. 2011 மார்ச்சிலே அவ்விடத்தில் 51 ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. பிள்ளை கிடந்த மண்ணை மிதிக்க முடியாத தாய்மார், நவம்பர் 27 இல் முகாமின் அயலிலே நின்று விளக்கேற்றினர்.

தோழர்களே! இறந்தவனின் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் இறந்தவனுக்காக அழுவது தாயின் உரிமை. புதைகுழிகளை மதித்துப் பேணுதல் வேண்டும் என்பது போர்க்காலத்துக்கான சர்வதேச மரபுச் சட்டம். அரசை எதிர்த்து 1971 இலும் 1987 – 89 இலும் ஆயுதம் ஏந்தி மடிந்த தன் தோழர்களை, மக்கள் விடுதலை முன்னணி ஆண்டுதோறும் நவம்பர் 13 இல் நினைவுகூர்கின்றது. அது சரியே. தெற்கிலே சரியாயிருப்பது வடக்கிலே எவ்வாறு குற்றமாகும்?

மகாவம்சத்தைப் போற்றுவோர் அதையேனும் படிக்கட்டும். எல்லாளனைக் கொன்ற துட்டகைமுனு, அவன் வீழ்ந்த இடத்திலே நினைவுச்சின்னம் எழுப்பி வழிபாடு செய்யப் பணித்தான். அவ்விடத்தை அணுகும்போது மன்னரும் வாத்தியங்களை நிறுத்தினர் என்கின்றது அந்நூல். பகைவனின் சாம்பலை மதித்ததால் அவன் வெற்றி குறைந்துபோகவில்லை.

நாம் கேட்பது ஆட்சியையன்று, பழியையுமன்று. பிள்ளைகளைப் புதைத்த மண்ணைத் தாய்மாரிடம் கொடுங்கள். அச்சமின்றி ஒரு விளக்கேற்ற விடுங்கள். அந்த உரிமையை மறுக்கும் சமாதானம் சமாதானமாகாது. அது கிடைக்கும்வரை நாம் அறவழியிலே, ஓயாது, கேட்டுக்கொண்டே இருப்போம்.