மலையில் வேலை, மனதில் பயம்
(ராசிங்காபுரத்தில் நடைபெற்ற தொழிலாளர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நாட்டில் ஒரு பெரிய பிரச்சினை வெடிக்கும்போது, அதற்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒரு தொழிலாளி, அந்த இனத்தைச் சேர்ந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக வேலையிடத்தில் என்ன பாடுபடுகிறார்? இன்று பேச வந்த விஷயம் இதுதான்.

இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். 2011 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றியது. அது ஏலக்காய் எடுப்புக் காலம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தினமும் ஜீப்பில் மலையேறிய நம் மக்களுக்குப் பாதை அடைபட்டது. உடும்பன்சோலை பக்கத் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் மிரட்டப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள். பலர் குழந்தை குட்டிகளோடு காட்டுப் பாதையில் நடந்தே இறங்கி வந்தார்கள். அணையின் நீர்மட்டத்தை முடிவு செய்தது காய் எடுக்கும் பெண்ணா? இல்லை. ஆனால் விலை கொடுத்தது அவர்தான்.

இந்தப் பக்கம் மட்டும் என்ன நடந்தது? தமிழ்நாட்டிலும் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அந்தக் கடையில் டீ ஆற்றியவருக்கும் அணைக்கும் என்ன சம்பந்தம்? நமக்கு நடந்தால் அநியாயம், நாம் செய்தால் நியாயம் என்று பேச முடியாது.

2020 மார்ச் மாத இறுதியில், டெல்லி தப்லீக் மாநாட்டை வைத்துக் கொரோனா பழி நம் சமுதாயத்தின் மேல் விழுந்தது. டெல்லியைப் பார்த்தே இராத வியாபாரிகளையும் வேலையாட்களையும் நாட்டின் பல ஊர்களில் விலக்கி வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்களைப் பலிகடா ஆக்கியிருக்க வாய்ப்புண்டு என்றும் சொன்னது. தீர்ப்பு வந்தது, சரி. இடையில் போன வேலையையும் கூலியையும் யார் திருப்பித் தருவார்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றங்கள் 2000இல் 28 என்று அந்நாட்டு எஃப்.பி.ஐ. கணக்கு சொல்கிறது. இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த 2001இல் அது 481.

அடி வாங்கியவருக்கு மட்டும்தான் காயம் என்று நினைக்காதீர்கள். செய்தியைக் கேட்டவருக்கும் தூக்கம் போகிறது. வேலையில் கவனம் சிதறுகிறது. வழுக்கும் சரிவில் நிற்பவருக்குக் கவனம் சிதறினால் அது உயிர் விஷயம். கூட வேலை செய்பவர் சும்மா சிரித்தாலும், நம்மைப் பற்றித்தானோ என்று தோன்றும். கூலி குறைந்தாலும் கேட்க வாய் வராது. பிரச்சினை ஓய்ந்து திரும்ப வேலைக்குப் போன பிறகும் இந்தப் பயம் உள்ளே கிடக்கும். அதைச் சோம்பேறித்தனம் என்று ஏசக் கூடாது.

என்ன செய்யலாம்?

தோட்ட முதலாளிகளுக்கும் கங்காணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பதற்றம் வந்தால் முதல் நாளே ஆட்களைக் கூப்பிட்டு, "உங்களுக்கு நாங்கள் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாக்கிக் கூலியை உடனே கொடுத்து, பாதுகாப்பாக இறக்கிவிட ஏற்பாடு செய்யுங்கள். வர முடியாத நாட்களுக்காக ஆளை நிறுத்தாதீர்கள்.

கூட வேலை செய்பவர்களே, பழிச்சொல் காதில் விழுந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகாதீர்கள். "இவர் என்ன செய்தார்?" என்று ஒருவர் கேட்டாலே போதும், பாதிப் பயம் போய்விடும்.

தொழிலாளர்களே, வேலை நாளையும் கூலியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயர், கங்காணியின் போன் நம்பர், ஜீப் நம்பர் மூன்றும் வீட்டில் இருக்கட்டும். மனச்சுமை தாங்கவில்லை என்றால் 14416க்குப் பேசுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண். சட்ட உதவிக்கு 15100.

ஜமாஅத்துக்கும் கடமை உண்டு. மக்காவில் சரக்குக்கு விலை கிடைக்காமல் நாதியற்று நின்ற ஒரு வெளியூர் வியாபாரிக்காக எடுக்கப்பட்ட ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில், நபித்துவத்துக்கு முன்பே பெருமானார் (ஸல்) அவர்கள் கலந்துகொண்டார்கள். பாதிக்கப்பட்டவர் எந்தக் குலம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வருபவர் எந்த மதமானாலும், நம் ஊரில் மாட்டிக்கொண்டவர் எந்த மொழிக்காரரானாலும், நம் பள்ளிவாசல் வளாகத்தில் அவருக்கு ஒரு வேளைச் சோறும் படுக்க இடமும் இருக்க வேண்டும்.

அணை அங்கேதான் இருக்கிறது; வழக்கும் பேச்சும் ஓயவில்லை. அடுத்த பதற்றம் வரும் முன்பே ஒவ்வொரு தெருவிலும் மலைக்குப் போகிறவர்களின் பட்டியலை எடுத்துவிடுவோம். இந்த வாரமே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.