பஸ் பாதையும் பாட்டாளியின் வீடும்

(தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியுள்ள கூட்டத்தில் பஸ்ஸைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். ஷிப்டுச் சங்கு ஊதிய பிறகு பத்து நிமிஷம் கழித்து கேட்டுக்கு வந்து நிற்பவனைக் கேளுங்கள், அவன் சொல்வான்.

ஆமதாபாத் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1861-ல் அங்கே முதல் பஞ்சாலை ஓடத் தொடங்கியது. 1918-ல் ஆலைத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் நடத்திய நகரம் அது. சபர்மதி ஆறு அதை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே ஆலைகள், தொழிலாளர்களின் குடியிருப்பு வரிசைகள். மேற்கே வசதி படைத்தோரின் வீடுகள், கல்லூரிகள். 1980-களிலும் 1990-களிலும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆலை ஓடியபோது தொழிலாளி பக்கத்திலேயே குடியிருந்தான், நடந்தே வேலைக்குப் போனான். ஆலை போனதும் கட்டிட வேலை, தள்ளுவண்டி, ஆட்டோ ரிக்ஷா, பிறர் வீட்டு வேலை என்று குடும்பம் குடும்பமாகச் சிதறினார்கள். அந்த வேலைகளுக்கு ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக வேண்டும்.

இந்த நிலையில்தான் நகரைப் புதுப்பிக்கும் திட்டங்கள் வந்தன. ஆற்றங்கரையைச் சீரமைக்க 1997-ல் ஒரு கம்பெனி அமைக்கப்பட்டது. 2005-ல் வேலை தொடங்கி, இரு கரையிலும் சுமார் 11 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பி, நிலத்தை மேடாக்கி, பூங்காவும் நடைபாதையும் அமைத்தார்கள். அந்தக் கரையில் குடிசை போட்டிருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அகற்றப்பட்டன. ஜனங்கள் ஹைக்கோர்ட் வரை போனார்கள். அதன் பிறகே பலருக்கு மாற்று வீடு உறுதியாயிற்று. வீடு எங்கே? வட்வா, ஓடவ் போன்ற நகரின் ஓரங்களில்!

அதே காலத்தில், மத்திய சர்க்காரின் நகரப் புதுப்பிப்பு நிதியைக் கொண்டு, விரைவு பஸ் பாதையும் திட்டமிடப்பட்டது. ‘ஜன்மார்க்’, அதாவது மக்கள் பாதை, என்று அதற்குப் பெயர். 2009 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வெளிநாட்டுப் பரிசும் பெற்றது.

இதன் சூட்சுமம் எளிது. சாலையின் நடுவே பஸ்ஸுக்கு மட்டும் தடுப்புப் போட்ட பாதை. காரும் லாரியும் அதில் நுழையக்கூடாது. டிக்கெட்டை ஸ்டேஷனிலேயே வாங்கிவிட வேண்டும். படியேற வேண்டாம், மேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே மட்டம். கூலிக்காரி கூடையோடு ஏறலாம், கிழவர் தடுமாறாமல் ஏறலாம். கண்டக்டர் சில்லறை தேடும் நேரம் மிச்சம். மூன்று கார் அடைக்கிற இடத்தில் ஒரு பஸ் அறுபது எழுபது பேரைச் சுமக்கிறது. ஆகவே சாலையில் ஒரு பங்கைப் பஸ்ஸுக்கு ஒதுக்குவது சலுகை ஆகாது, வெறும் கணக்கு!

நல்ல ஏற்பாடுதான்; இதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பஸ்ஸின் கட்டணம் ஒரு தனி, 1947 முதல் ஓடிவரும் நகரசபை பஸ்ஸின் கட்டணம் ஒரு தனி என்று தொடங்கினார்கள். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறினால் இரண்டு டிக்கெட். ஓரத்துக்குத் துரத்தப்பட்டவன்தான் மாறி மாறி ஏறுகிறவன். வட்வாவுக்குப் போன குடும்பங்களில் வேலைக்குப் போகும் செலவு தாங்காமல் வேலையையே விட்ட பெண்கள் உண்டு. சைக்கிளுக்கென வரைந்த பாதையோ பல இடங்களில் வண்டி நிறுத்தும் இடமாயிற்று. ஏழையின் வாகனம் சைக்கிளும் காலும் என்பது வரைபடம் போட்டவர்களுக்குத் தெரியாததா?

வேறு விதமாகச் செய்த ஊர் உண்டு. பிரேசில் நாட்டின் குரிட்டிபாவில் 1974-லேயே பஸ்ஸுக்குத் தனிப் பாதை போட்டார்கள். பெரிய கட்டிடங்களை அந்தப் பாதைகளின் ஓரமாகவே கட்ட விதி செய்தார்கள். கிட்டப் போனாலும் எட்டப் போனாலும் நகரில் ஒரே கட்டணம் என்று வைத்தார்கள். பஸ் மாறினாலும் மறு டிக்கெட் இல்லை. நடுவூரில் சிறு தூரம் போகிறவர் தரும் காசு, ஓரத்திலிருந்து வரும் தொழிலாளியின் நீண்ட பயணத்துக்கு உதவுகிறது. அங்கே அப்போது ராணுவ ஆட்சி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜனங்களைக் கேட்டுச் செய்ததாக யாரும் எண்ண வேண்டாம்.

விவசாயத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஆமதாபாத்தைச் சுற்றி 76 கிலோமீட்டர் வட்டச்சாலை போட்டார்கள். அதற்கு நிலம் சேர்த்த முறை இது: நிலச் சொந்தக்காரர் தம் நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார், சாலை வந்ததும் மிச்ச நிலத்தின் விலை பல மடங்கு ஏறுகிறது. அவருக்கு நஷ்டமில்லை. அந்த வயலில் நாற்று நட்டவருக்கு? கணக்கில் அவர் பெயரே இல்லை.

டில்லியில் நடந்ததையும் கேளுங்கள். 2008-ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் பஸ் பாதை திறந்தார்கள். கார்க்காரர்களின் எதிர்ப்பு வழக்காக ஹைக்கோர்ட்டுக்குப் போயிற்று. செல்வத்தைப் படைப்பவர்கள் காரில் போகிறவர்களே, அவர்கள் நேரம் வீணாகிறது என்று வாதம் வைத்தார்கள்! நூல் நூற்பவனும் நெல் விளைவிப்பவனும் என்ன படைக்கிறார்களாம்? 2012-ல் கோர்ட் அந்த வழக்கைத் தள்ளிவிட்டது. ஆயினும் 2016-ல் அந்தப் பாதையை உடைத்தெடுத்தார்கள். கோர்ட்டில் தோற்றவர்கள் சாலையில் ஜெயித்தார்கள்.

மெட்ரோ ரயில் வரும்போது பஸ் எதற்கு என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். ஆமதாபாத்திலும் 2019-ல் மெட்ரோ வந்தது. ஒரு கிலோமீட்டர் மெட்ரோவுக்கு ஆகும் பணத்தில் பல கிலோமீட்டர் பஸ் பாதை போடலாம். பஸ் பாதையைப் புதுக் குடியிருப்பின் வாசல் வரை நீட்டலாம். ஆகையால் உங்கள் ஊரில் குடியிருப்பை மாற்றுகிறோம் என்று அதிகாரிகள் வரைபடத்தோடு வந்தால், வீட்டின் நீள அகலத்தை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு, மில் கேட் வரை போகுமா, நடுவில் எத்தனை டிக்கெட் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீடு மாறுவதற்கு முன்பே வாங்குங்கள்.