கடைசி நேரத்து ஊசி

(டிக்கோயாவில் மாதர் சங்கக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேசப்போவது போஷாக்கைப் பற்றி அல்ல, சாவைப் பற்றி. சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆனாலும் லயத்தில் இந்தப் பேச்சு நடக்கத்தானே செய்கிறது? "ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க, பெறகு பேசவே இல்ல, அந்த ஊசிதான் ஆள முடிச்சிருச்சு" என்கிறார்கள்.

புற்றுநோய் முற்றியவர்களுக்கு மோர்பின் கொடுப்பது மஹரகம போய் வந்த குடும்பங்களுக்குத் தெரியும். அது வலியையும் மூச்சிரைப்பையும் தணிக்கிற மருந்து. பெரும்பாலானோருக்கு இப்படியான மருந்துகளே போதும். சிலருக்குத்தான் சாவு நெருங்கிய நாட்களில் எதற்கும் அடங்காத மூச்சுத்திணறல் வரும். அல்லது ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றி, கட்டிலை விட்டுப் பாய்வார்கள். வேறு வழியில்லை என்றால் டாக்டர் மிடசோலம் போன்ற தூக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார். வேதனை அடங்கியதும் அதற்கு மேல் கூட்டமாட்டார். கொல்வதென்றால் இவ்வளவு அளந்து கொடுக்கத் தேவையில்லையே! முறையாகக் கொடுத்தால் ஆயுள் குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. உயிரைக் கொண்டுபோவது நோய்தான்.

ஆனால் தூங்கின பிறகு பேச்சு திரும்பாமல் போகலாம். ஆகவே பேச வேண்டியதை ஊசிக்கு முன்பே பேசிவிடுங்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு உடனே போன் பண்ணுங்கள். நோயாளி நினைவோடு இருந்தால் அவருடைய விருப்பத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். மூத்த மகன் சொன்னதே முடிவு என்பது இதில் சரிவராது.

அடுத்தது பால். கடைசியில் ஒவ்வொருவராக வாயில் பால் ஊற்றுவது நம் வழக்கம். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மருந்துத் தூக்கத்தில் இருப்பவரால் விழுங்க முடியாது. பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எந்தத் திணறலுக்காக ஊசி போட்டார்களோ, அதே திணறலை நாமே கொடுத்ததாகும். பஞ்சை நனைத்து உதட்டில் தடவுங்கள், போதும்.

"வீட்டுலதான் உசுரு போகணும்" என்று அவசரப்பட்டு ஆளைத் தூக்கி வந்துவிடவும் கூடாது. மருந்து நின்றால் வேதனை திரும்பும். நம்ம தோட்டப் பாதையில் ஆட்டோ குலுங்குகிற குலுக்கல் வேறு! வீட்டுக்குத்தான் வேண்டுமென்றால் முன்கூட்டியே வார்ட் டாக்டரிடம் சொல்லுங்கள். என்ன மருந்து கொடுத்தனுப்பலாம் என்று அவர் பார்ப்பார்.

இதெல்லாம் பணக்காரர் சங்கதி என்று நினைக்க வேண்டாம். கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993 இல் டாக்டர் ராஜகோபாலும் கூட்டாளிகளும் வேதனை தணிக்கும் சேவையைத் தொடங்கினார்கள். பிறகு ஊர்ச்சனங்களே தொண்டர்களாக வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். நம் நாட்டிலும் 2019 முதல் 2023 வரைக்கென ஒரு தேசியத் திட்டம் வகுக்கப்பட்டது.

கிளங்கன் ஆஸ்பத்திரியோ கண்டியோ, எங்கே போனாலும் "இது என்ன ஊசி, எதற்கு?" என்று கேளுங்கள். சிங்களத்தில் சொல்வது விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். பேசத் தெரிந்த ஆள் துணைக்கு வேண்டுமென்றால் மாதர் சங்கத் தலைவியிடமோ என்னிடமோ முதல்நாளே சொல்லுங்கள், ஏற்பாடு செய்வோம்.