பாடும் பறியும்: பழவேற்காட்டு இறாலில் யாருக்குப் பங்கு?



கும்மிடிப்பூண்டி என்றதும் சிப்காட்டும், உருக்காலைப் புகையும், ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனிப் பஸ்ஸும் நினைவுக்கு வரும். அதே வட்டாரத்தின் கிழக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. அந்த ஏரியின் இறாலைப் பற்றித்தான் இந்த நினைவுரையில் பேச நினைக்கிறோம்.

இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, சேற்றில் வளர்ந்து, கடலுக்குத் திரும்புகிறது. முகத்துவாரம் தூர்ந்தால் இறால் இல்லை.

இங்கே பட்டினவர் ஊர்களில் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் கழி ஊன்றி வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நல்ல இடம் முறை வைத்து எல்லாருக்கும் வரும். ஒருவரே ஏரியை வளைத்துப் போட முடியாது. பொதுவளத்தைக் காக்கும் முறை என்று ஆய்வாளர்கள் இதை மெச்சியிருக்கிறார்கள். மெச்சட்டும். ஆனால் சீட்டில் யார் பெயர் எழுதப்படுகிறது? பாட்டுரிமை பிறப்பால் வருவது. அந்தச் சாதியின் ஆண்களுக்கு உரியது. அதே கரையில் வாழும் தலித்துகளுக்கும் இருளருக்கும் அதில் இடமில்லை. ஏற்றுமதியால் இறால் விலை ஏறியபோது பாட்டுக்கு வெளியே இருந்தவர்களும் வலையோடு இறங்கினார்கள், தகராறு வந்தது. பாடு என்றால் முறை, பாடு என்றால் துன்பமும்தான். நமக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது பொருள்.

இருளர் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். நீருக்குள் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, விரலில் தட்டுப்படும் இறாலைப் பறியில் போடுகிறார்கள். கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். பெண்கள் நாள் முழுக்க இப்படி இருக்கிறார்கள். படகு வேண்டாம், டீசல் வேண்டாம். ஆகவே கடனும் வேண்டாம். இதன் அருமை தெரிய, செங்கல் சூளையையும் அரிசி ஆலையையும் பார்க்க வேண்டும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்துவிட்டது. அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் திருவள்ளூர் மாவட்டத்தில் முன்பணத்துக்குக் கட்டுண்ட இருளர் குடும்பங்களை மீட்க வேண்டியிருந்தது. ஏரி கெட்டால் அவர்களுக்கு அடுத்த வாசல் சூளைதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அரசு அறிவித்த நிவாரணம்: மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், சேதமான படகுக்கு 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கு 7,500 ரூபாய். படகுக்குப் பதிவெண் இருக்கிறது. தடவிப் பிடிக்கும் கைக்கு எந்த அலுவலகம் எண் கொடுத்தது?

பண்ணை இறாலின் கதை வேறு. நாகை வட்டாரத்தில் நிலமற்றோர் வேலை பார்த்த வயல்கள் உப்புக் குளங்களாவதை எதிர்த்து ஜெகந்நாதனும், தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாளும் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளைத் தடுத்தது. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தடையைத் தளர்த்தியது. 2009-இல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. பண்ணைக் குளத்துக்குக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வருகிறது; முகத்துவாரமும் வேண்டாம், தடவும் கையும் வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் பண்ணைக்காரரின் கவலை நாளிதழ்களில் வந்தது. பறி கடித்தவளின் கவலைக்கு அந்த இடம் கிடைப்பதில்லை.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து மீனவர் நிற்கும்போது நாமும் கூட நிற்கிறோம். அங்கே 'பாரம்பரிய உரிமை' என்ற முழக்கம் எழும்போது, யாருடைய பாரம்பரியம் என்றும் கேட்போம். அப்படிக் கேட்டால் போராட்டம் பிளவுபடும் என்கிறார்கள். ஏரி ஏற்கெனவே பிளந்துதான் கிடக்கிறது.

2006 வன உரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, நீர்நிலைகளின் மீனையும் பிற விளைபொருளையும் பயன்படுத்தும் சமூக உரிமையைச் சொல்கிறது. சரணாலயங்களையும் அது விட்டுவைக்கவில்லை. ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம், இருளர் பழங்குடிகள். இந்த வழியில் மனுப் போட முடியும். அதற்கு ஊர் ஊராகப் போய், யார் எந்தத் துறையில் எத்தனை தலைமுறையாகத் தடவுகிறார்கள் என்று கேட்டு எழுத ஆள் வேண்டும். எழுதத் தெரிந்த மாணவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.