கூறப்படுகிறது



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவரை இங்குள்ளவர்களில் பாதிப் பேர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. கணக்குப்பிள்ளை என்றால் போதும். சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். மதியச் சாப்பாடு முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் மூன்று பத்திரிகைகளை விரித்துக்கொண்டு உட்காருவார். ஒன்று தினத்தந்தி. மற்ற இரண்டும் நாளுக்கு நாள் மாறும். ஒருநாள் முரசொலி, ஒருநாள் தீக்கதிர், ஒருநாள் தினமணி. கையில் சிவப்புப் பென்சில். அவர் செய்திக்குக் கோடு போடமாட்டார், வினைச்சொல்லுக்குப் போடுவார். ‘தெரிகிறது’, ‘கூறப்படுகிறது’, ‘தெரியவந்துள்ளது’. யாருக்குத் தெரிகிறது, யார் கூறினார் என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. ‘பரபரப்பு நிலவியது’ என்று வந்தால் மட்டும் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். தமிழ்ப் பத்திரிகைகளில் நிலவிய பரபரப்பையெல்லாம் நம்பியிருந்தால் இந்த ஊரில் எவரும் தூங்கியிருக்க முடியாது.

நான் அப்போது இளம் நிருபன். பத்து வரியில் நான் எழுதிய ஒரு செய்தியில் நான்கு கோடு போட்டு என் முன்னால் நகர்த்தினார். “தம்பி, இதுல நீ பாத்தது எது?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஓர் அதிகாரி தொலைபேசியில் சொன்னதைத்தான் எழுதியிருந்தேன்.

ஊடகச் சார்பு என்றதும் நமக்குக் கட்சிதான் நினைவுக்கு வருகிறது. எந்தச் சேனல் எந்தக் கட்சிக்காரருடையது என்பது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஒரே பொதுக்கூட்டத்தை ஒரு சேனலில் கடலாகவும் இன்னொன்றில் காலி நாற்காலியாகவும் பார்த்துப் பழகியவர்கள் நாம். இந்தச் சார்பால் பெரிய கேடில்லை என்பது என் எண்ணம். சந்தைக்குள் வரும் லாரியை எடைமேடையில் ஏற்றுகிறீர்கள். காலி வண்டியின் எடை தெரியும். கழித்தால் சரக்கின் எடை வந்துவிடுகிறது. கட்சிப் பத்திரிகையையும் அப்படிக் கழித்துவிட்டுப் படிக்கலாம். நம் ஊர்ப் பத்திரிகைத் தொழில் வளர்ந்ததே இந்தச் சண்டையில்தானே? இந்தியரான டி. முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்ததை வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகைகள் தாக்கின. பதில் சொல்லத் திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் கடன் வாங்கி 80 பிரதி அச்சிட்டார்கள். 1878 செப்டம்பர் 20இல் ‘தி இந்து’ பிறந்த கதை அது. அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் பிறகு சுதேசமித்திரனைத் தொடங்கினார்.

காலி எடை எழுதப்படாத வண்டிதான் நமக்குத் தொல்லை. ஒரு சம்பவம் நடந்ததும் நிருபர் முதலில் யாருக்குப் போன் போடுகிறார்? அதில்தான் செய்தியின் சாய்வு இருக்கிறது. அது எந்தக் கொடியிலும் தெரியாது. வடசென்னையைக் கெடுத்தது இந்தச் சார்புதான்.

2017 ஜனவரி 28 விடியற்காலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்று துறைமுகத் தரப்பிலிருந்து அறிக்கை வந்தது. அன்று மாலை அதை அப்படியே செய்தியாக்கியவர்களில் நானும் ஒருவன். எண்ணூருக்குப் பேருந்து இருந்தது, போகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் எர்ணாவூர்க் கரையில் அலை கறுப்பாக, களிபோல வந்து பாறையில் அப்பியது. சில டன் என்று தொடங்கிய பேச்சு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் இருநூறு டன்னை ஒட்டியும் தாண்டியும் அறிக்கைகள் பேசின. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகள் அந்தக் குழம்பை இழுக்க முடியாமல் திணறின. மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் வாளியில் அள்ளினார்கள். அந்த வாளிப் படம்தான் உலகமெல்லாம் போனது.

முதல்நாள் அறிக்கையைப் பொய் என்று நான் சொல்லவில்லை. எழுதியவருக்கே அப்போது தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் ‘மாசு இல்லை’ என்பதும் ‘மாசு இல்லை என்று துறைமுகம் சொல்கிறது, கரையில் இன்னும் யாரும் பார்க்கவில்லை’ என்பதும் வேறு வேறு செய்திகள். நாங்கள் முதலாவதைப் போட்டோம்.

கப்பல்கள் மோதிய அதே மாதம்தான் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ வெளியாகி, எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பலும் சேறும் தென்சென்னையில் பேசப்பட்டன. காட்டுக்குப்பத்து மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்துச் சொன்னதை ஒரு சங்கீத வித்வான் பாடியதும் நாங்கள் காது கொடுத்தோம். குறை அவர்மேல் இல்லை. அந்தக் கவனமும் நீடிக்கவில்லை. பிப்ரவரி 7ஆம் தேதி இரவு, முதல்வர் பதவியிலிருந்து விலகியிருந்த ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தார். கேமரா வண்டிகள் எல்லாம் அங்கே திரும்பின. எண்ணெயில் மீன் விலைபோகாமல் நின்ற குப்பங்களைப் பற்றி அதன்பிறகு எத்தனை பத்தி வந்தது என்று தேடிப் பாருங்கள்.

இதைவிட நுட்பமான பாடம் 2023 டிசம்பரில் கிடைத்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றிலும் எண்ணெய் பரவியது. எர்ணாவூர் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கறுப்புக் கோடு. கழிமுகத்தில் கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டி நின்றன. மணலி சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைத் தரப்பு சொன்னது: எங்கள் குழாய்களில் கசிவு இல்லை. பல செய்திகளுக்கு அதுவே தலைப்பு. ஆனால் மக்கள் கேட்டது குழாயைப் பற்றியா? எண்ணெய் உங்கள் வளாகத்திலிருந்து வந்ததா என்றுதான் கேட்டார்கள். குழாய் கசியாமலேயே மழைநீரோடு எண்ணெய் வெளியேற முடியும். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக வழக்கை எடுத்தது. ஆலையின் மழைநீர் மேலாண்மை போதாது, தெற்கு வாயில் பக்கம் நீர் வெளியேறும் வழியில் எண்ணெய்த் தடம் இருக்கிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கே சொன்னது. கேட்காத கேள்விக்குச் சொல்லும் உண்மையான பதில் பொய்யைவிட நன்றாக மறைக்கும். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தில் வேறோர் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அன்று செய்தியை முதலில் சொன்னது, மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தவர்களின் செல்போன்.

அதற்காகச் செல்போனில் வருவதையெல்லாம் நம்பச் சொல்லவில்லை. இந்தச் சந்தையில் கம்பி ஏற்றி இறக்கும் பிகார்த் தம்பிகள் சிலர் இங்கே இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிகாரிகளை வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவியபோது, ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டு போன் செய்ததையும் பையைக் கட்டியதையும் அவர்கள் சொல்வார்கள். அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார்: ஒரு வீடியோ திருப்பூரில் பிகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த தகராறு, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவர் சண்டை. இன்னொரு வீடியோவைப் பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் ஆள் வைத்து நடித்து எடுத்திருந்தார்கள் என்பதைப் பிகார்க் காவல்துறையே கண்டுபிடித்தது. மனீஷ் காஷ்யப் என்ற யூடியூபர் கைதானார். பிகார் அரசு அதிகாரிகளை இங்கே அனுப்பி நேரில் விசாரித்தது. ஆளனுப்பிக் கேட்ட பிறகுதான் பயம் தணிந்தது.

எனவே எந்தப் பத்திரிகையை நம்பலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். பத்திரிகையை மொத்தமாக நம்புவது, லாரியைப் பார்த்தே எடை சொல்வது மாதிரி. ஒவ்வொரு செய்தியிலும் மூன்றைத் தேடுங்கள்: பார்த்தவர் யார், எங்கே நின்று பார்த்தார், அளந்தது யார். ஆலை தரும் விளம்பரம் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். தவறாகப் போட்டதை மறுநாள் திருத்திப் போடும் பத்திரிகைக்கு ஒரு மதிப்பெண் கூடக் கொடுங்கள். அப்படிச் செய்பவை குறைவு. தீர்ப்பாய உத்தரவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் படித்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர் சொல்வதிலும் மிகை இருக்கும். அதையும் எடைமேடையில் ஏற்றத்தான் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கணக்குப்பிள்ளை விட்டுப்போன சிவப்புப் பென்சில்களோடு ஒரு நீளக் கணக்கு நோட்டையும் அவர் குடும்பத்தார் நாம் கூடியிருக்கும் இந்தப் படிப்பகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் வெற்றுத்தாள். காற்றில் வாடை அடித்தால், கால்வாய் நிறம் மாறினால், நாள், நேரம், நின்ற இடம், கண்ணால் கண்டது, இவற்றை மட்டும் அதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த முறை எங்களைப் போன்ற ஒரு நிருபன் போனில் செய்தி கேட்டால், நேரில் வரச்சொல்லி அந்த நோட்டை எடுத்துக் கொடுங்கள்.